நடுத்தோட்டத்து அண்ணனுக்கு எவ்வளவு பங்கு?

பாலாடா கேரட்:
கேத்தி பாலாடாவில் மூன்று பேர் ஒரே பிக்கப்பில் கேரட் மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறோம். மூவரும் சேர்ந்தால் ஒரு நடைக்கு வாடகையில் 900 ரூபாய் மிச்சம். இருவர் என்றால் 600. என் தோட்டம் மேல் ரோட்டில், இன்னொருவருடையது கீழ் ரோட்டில், நடுவில் அண்ணன். அவருடைய மண் பாதையில் வண்டி இறங்கினால்தான் கணக்கு கட்டும். சுற்றிப் போனால் டீசலே தின்றுவிடும். அண்ணன் இல்லாமல் நானும் கீழ்த்தோட்டமும் மட்டும் சேர்ந்தால் மிச்சம் பூஜ்யம். இதுவரை ஆளுக்கு 300. இப்போது அண்ணன் கூடக் கேட்கிறார். நியாயமா? (வீட்டில் கேட்டால் வேறு சண்டை.)

கணக்கு வாத்தியார்:
மூவரும் ஒவ்வொருவராக வந்து சேர்வதாக 6 வரிசையையும் எழுதுங்கள். ஒருவர் வந்ததும் மிச்சம் எவ்வளவு கூடுகிறதோ அது அவர் பெயரில். பிறகு சராசரி. இது ஷாப்லி என்ற கணித அறிஞர் 1953இல் சொன்ன வழி. யாரும் யாரோடும் சேரலாம் என்றால் ஆளுக்கு 300தான். ஆனால் உங்களுக்குப் பாதை ஒன்றுதானே! தொடர்பு இருப்பவர்கள் மட்டுமே கூட்டுச் சேர முடியும் என்று வைத்து 1977இல் மையர்சன் என்ற பொருளாதார அறிஞர் அதே கணக்கைப் போட்டார். அண்ணன் முதலில் வந்தால் 0, இரண்டாவதாக வந்தால் 600, கடைசியில் வந்தால் 900. சராசரி 500. உங்களுக்கு ஆறு வரிசையிலும் 0, 0, 600, 0, 300, 300, சராசரி 200.

சரிபார்க்க வேண்டுமா? உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவே உள்ள பாதையை அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரும் கீழ்த்தோட்டமும் ஆளுக்கு 300, உங்களுக்கு 0. உங்களுக்கு நஷ்டம் 200, அவருக்கும் 200. நஷ்டம் இருவருக்கும் சமமாக இருப்பதைத்தான் மையர்சன் நியாயம் என்றார்.

கோத்தகிரி டீ:
அதற்காக 300 தப்பு என்று ஆகாது வாத்தியாரே. அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பிரிந்தால் கிடைப்பது 600. இப்போதும் அந்த இருவருக்கும் சேர்த்து 600 வருகிறதே, அப்புறம் எதற்குப் பிரிய வேண்டும்? ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள். அவர் பங்கில் பத்து ரூபாய் குறைத்துக் கீழ்த்தோட்டத்துக்கு ஐந்தும் உங்களுக்கு ஐந்தும் வைத்தால், மறுநாளே வண்டி ஒரு பக்கம் வராது.

பாலாடா கேரட்:
நானும் கீழ்த்தோட்டமும் எங்களுக்குள் தனிப் பாதை வெட்டினால்?

கணக்கு வாத்தியார்:
மறுபடி ஆளுக்கு 300.

பாலாடா கேரட்:
நடுவே ஓடை, பாலம் போட வேண்டும். நூறு ரூபாய்க்காகவா! நேற்று சாயங்காலம் மூட்டை தைக்கும்போது தாளை அண்ணனிடம் காட்டினேன். 500ஐப் பார்த்துச் சிரித்துவிட்டு, "400 போதும்டா, மழையில் பாதை இடிந்தால் மண் கொட்ட நீங்களும் மம்பட்டியோடு வரணும்" என்றார். எங்களுக்கு ஆளுக்கு 250. சனிக்கிழமை முதல் நடை.