புதுப்பிப்பு: வலது வளைவில் எஞ்சின் திணறிய சிக்கல் தீர்ந்தது
டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியதும் நீண்ட வலது வளைவுகளில் என் டிராக் கார் (பந்தயத் தடத்தில் ஓட்டும் கார்) திணறுவதாக முன்பு எழுதியிருந்தேன். பம்ப் பழுது என்ற என் ஊகம் தவறு. பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைக் கண்ணெதிரே பொருத்தி ஓட்டியபோது, நேர்ப்பாதையில் 3 பாரில் அசையாமல் நின்ற முள், வளைவின் நடுவே 1 பாருக்குக் கீழே சரிந்தது. பெட்ரோல் இடப்பக்கம் ஒதுங்கிவிட, வலப்பக்க உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்திருக்கிறது. (காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனே உருகக்கூடும் என்பதால், இந்த நிலையில் விடாப்பிடியாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம்.)

இப்போது 2 லிட்டர் சர்ஜ் டேங்க் (பிரதான டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும் சிறிய தொட்டி) ஒன்றை வைத்து, பழைய பம்ப் அதை நிரப்பவும், புதிய உயர் அழுத்த பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கவும் செய்திருக்கிறேன். எஞ்சின் பயன்படுத்தாத பெட்ரோலைத் திரும்பக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயையும் சர்ஜ் டேங்குக்கே திருப்பி, உச்சியில் வழிவதை மட்டும் பிரதான டேங்குக்கு அனுப்பியதால், உள்ளே புகும் காற்றும் அவ்வழியே வெளியேறிவிடுகிறது. கால் டேங்க் பெட்ரோலிலும் முள் அசையவில்லை.