ரோமரின் முதல் வரலாறு கிரேக்க மொழியில் ஏன்? பலகை, பிணவூர்வலம், டெல்பி

கிழக்குவாசல்:
வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமோடு நடத்திய போர் பற்றிய திரியில் பேச்சுவாக்கில் ஒருவர் எழுதியிருந்தார்: “ரோமர்களுக்கு வரலாறு எழுதச் சொல்லிக் கொடுத்ததே கிரேக்கர்கள்தான்.” அங்கே அது போர்ப் பேச்சில் அமுங்கிப் போய்விட்டது. தனியாகப் பேச வேண்டிய விஷயம் என்பதால் இந்தத் திரி.

என் தரப்பு, அவர் சொன்னது சரி. உரைநடையில் வரலாறு எழுதிய முதல் ரோமர் குவின்டஸ் ஃபேபியஸ் பிக்டர். ரோமின் ஆட்சி அவையான செனட்டின் உறுப்பினர், கி.மு. 225இல் வடக்கே இருந்த கௌலியர் என்ற இனத்தாரோடு நடந்த போரில் கலந்துகொண்டவர். கி.மு. 200ஐ ஒட்டி எழுதினார். நூல் அழிந்துவிட்டது, பின்னால் வந்தவர்கள் எடுத்துச் சொன்ன துணுக்குகள்தான் நமக்குக் கிடைக்கின்றன. அந்த நூலின் மொழி கிரேக்கம். அவரை அடுத்து எழுதிய சின்சியஸ் அலிமென்டஸ், ஹன்னிபாலிடம் போர்க்கைதியாக இருந்தவர், அவரும் கிரேக்கத்தில்தான் எழுதினார். ரோம் தோன்றிய ஆண்டைக்கூட ஃபேபியஸ் ஒலிம்பியாட் கணக்கில், அதாவது நான்காண்டுக்கு ஒருமுறை நடந்த கிரேக்க ஒலிம்பிக் போட்டியை வைத்து, சொல்கிறார்: எட்டாவது ஒலிம்பியாடின் முதல் ஆண்டு, அதாவது கி.மு. 748-747. தன் ஊர் பிறந்த ஆண்டை அயலார் விளையாட்டுப் போட்டியை வைத்து எண்ணுகிறவருக்கு முன்னால், உள்ளூரில் ஒரு வரலாற்று மரபு இருந்தது என்று எப்படி நம்புவது?

வெண்பலகை:
இருந்தது ஐயா. நான் புனைபெயர் எடுத்ததே அதிலிருந்துதான்.

ரோமின் தலைமைப் பூசகர், அதாவது பொன்டிஃபெக்ஸ் மாக்சிமஸ், ஆண்டுதோறும் வெள்ளை பூசிய பலகை ஒன்றைத் தன் வீட்டில் வைப்பார். மேலே அந்த ஆண்டின் கான்சல்கள் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு தலைமை ஆட்சியாளர்கள்), மற்ற அதிகாரிகள் பெயர். கீழே நாள்வாரியாக நடந்தவை. மக்கள் வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ரோமின் தொடக்கத்திலிருந்து மூசியஸ் ஸ்கேவோலா தலைமைப் பூசகராக இருந்த காலம் வரை, அதாவது கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, இந்தப் பழக்கம் நடந்தது என்கிறார் ரோமப் பேச்சாளர் சிசரோ. எல்லாம் தொகுக்கப்பட்டபோது 80 நூல்களாக வந்தது என்று பிற்கால உரையாசிரியர் செர்வியஸ் எழுதுகிறார். அந்தக் காலத்து ரோமருக்கு வரலாறு என்றாலே இப்படி ஆண்டுக் குறிப்புகளைத் தொகுப்பதுதான் என்பதும் சிசரோவின் வார்த்தைதான்.

இந்த ஆண்டுவாரி நடை பிற்கால ரோம வரலாற்றாசிரியர் லிவியிடம் இருக்கிறது, டாசிட்டஸிடமும் இருக்கிறது. இந்த இரண்டு கான்சல்கள் இருந்த ஆண்டில் இன்னது நடந்தது, கோயிலில் இடி விழுந்தது, தானியம் விலை ஏறியது என்று போகும். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைப் படித்துவிட்டு ஒருவர் இந்த நடைக்கு வர முடியாது. இது பூசகர் வீட்டுப் பலகையில் பிறந்த நடை.

கிழக்குவாசல்:
அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்த ஒருவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரோம அரசியல்வாதி மூத்த கேட்டோ எழுதுகிறார்: தலைமைப் பூசகர் வீட்டுப் பலகையில் இருப்பதை எழுத எனக்கு விருப்பமில்லை, எத்தனை முறை தானியம் விலை ஏறியது, எத்தனை முறை நிலவையோ சூரியனையோ இருள் மறைத்தது, இவைதானே அதில் இருக்கின்றன என்று. இதைச் சொல்பவர் கிரேக்கதாசர் அல்ல. லத்தீன் உரைநடையில் முதன்முதல் வரலாறு எழுதியவரே அவர்தான்.

இன்னொன்று. ஃபேபியஸ், சின்சியஸ் இருவர் நூலையும் படித்த ஹாலிகர்னாசஸ் ஊர்க் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோனிசியஸ் சொல்வது: தாங்கள் நேரில் கண்ட காலத்தை இருவரும் விரிவாக எழுதினார்கள், நகரம் தோன்றியதற்குப் பிந்தைய பழங்காலத்தை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். அப்படியானால் என்ன அர்த்தம்? நகரை நிறுவிய ரோமுலஸ் கதை இருக்கிறது, சொந்த அனுபவம் இருக்கிறது, நடுவில் முந்நூறு நானூறு ஆண்டு வெறிச்சென்று கிடக்கிறது. ஆண்டுதோறும் தவறாமல் எழுதி வைத்த பலகை இருந்திருந்தால் அந்த நடுப்பகுதிதானே நிறைந்து வழிந்திருக்க வேண்டும்?

மழைக்கால வாசகன்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். கௌலியர் வந்து ரோமைக் கொளுத்தியபோது பழைய ஆவணங்கள் எல்லாம் எரிந்துபோயின என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் பலகை பற்றிய வாதமே நிற்காதே?

வெண்பலகை:
நல்ல கேள்வி தம்பி. லிவி தன் ஆறாவது நூலின் தொடக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்: பூசகர் குறிப்புகளிலும் மற்ற ஆவணங்களிலும் இருந்தவற்றில் பெரும்பகுதி நகரம் எரிந்தபோது அழிந்தது. மரபுக் கணக்குப்படி அது கி.மு. 390. ஆனால் அவர் சொல்வது பெரும்பகுதி என்றுதான். மிஞ்சியதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது.

என்னியஸ் என்ற கவிஞரின் காவியத்தில் ஒரு வரி: ஜூன் மாத நோன்ஸ் நாளில், அதாவது ஜூன் 5இல், சூரியனுக்குக் குறுக்கே நிலவும் இருளும் நின்றன. நகரம் தோன்றிச் சுமார் 350 ஆண்டு கழித்து. பூசகர் குறிப்பிலும் இதே நாள்தான் பதிவாகியிருக்கிறது என்று சிசரோ சொல்கிறார். பல ஆய்வாளர்கள் இதைக் கி.மு. 400 ஜூன் 21இல் நடந்த கிரகணம் என்று கண்டிருக்கிறார்கள். தேதி பதினாறு நாள் விலகுவது அன்றைய ரோமின் நாள்காட்டி கோளாறானது என்பதால்தான். கௌலியர் கொளுத்தியதற்குப் பத்தாண்டு முந்தைய பதிவு! எரிந்து சாம்பலாகிவிட்டது என்றால் இது எங்கிருந்து வந்தது?

கிழக்குவாசல்:
வெண்பலகை, அந்தச் சிசரோ வரியின் பின்பாதியையும் படியுங்கள். இந்தக் கிரகணத்தை வைத்துக்கொண்டுதான் அதற்கு முந்தைய கிரகணங்களைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள், ரோமுலஸ் மறைந்த நாள் வரைக்கும் என்று அதே மூச்சில் சொல்கிறார். பதிவு இருந்தால் எடுத்துப் பார்த்திருப்பார்கள், கணக்கு எதற்கு? ஆக, பலகை ரோமின் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்ற கூற்று அங்கேயே விழுந்துவிடுகிறது. கி.மு. 400 வாக்கில் தொடங்கியது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

வெண்பலகை:
அது நியாயம். தொடக்கம் பற்றிய சிசரோவின் கூற்றை இனி நான் பிடித்துத் தொங்கவில்லை. ஆனால் கி.மு. 400 என்றாலும் ஃபேபியஸுக்கு இருநூறு ஆண்டு முந்தையது. அதை மறக்க வேண்டாம்.

கல்வெட்டுக்காரி:
இரண்டு பேரும் பூசகர் வீட்டு வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள். ரோமில் பழங்கதை வளர்ந்த இடம் பெரிய குடும்பங்களின் வீடு. அங்கே வாருங்கள்.

கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் ஒரு பிணவூர்வலத்தைக் கிட்ட நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். பெரிய மனிதர் ஒருவர் இறந்தால் உடலை நகரின் பொதுக்கூடல் வெளியான மன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் குடும்பத்து முன்னோர்களின் முகமூடிகள் வீட்டில் மரப்பேழைகளில் இருக்கும். அன்று அவற்றை எடுத்து, உயரமும் நடையும் ஒத்துப்போகும் ஆட்களுக்கு மாட்டி, அந்தந்த முன்னோர் வகித்த பதவிக்கு ஏற்ற உடை உடுத்தி ஊர்வலமாக வரச்செய்வார்கள். மேடையில் தந்த நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். மகன் எழுந்து இறந்தவரைப் பற்றிப் பேசிவிட்டு, பிறகு அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முன்னோரையும் மூத்தவரிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டு வருவார். நூற்றாண்டுக் கணக்கான கதை ஒரே மேடையில்! இதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் ஒரு ரோமச் சிறுவனுக்குக் கிடைத்திருக்காது.

கல்லிலும் அதே குரல் கேட்கிறது. கி.மு. 298இல் கான்சலாக இருந்த ஸ்கிப்பியோ பார்பாட்டஸின் கல் சவப்பெட்டி இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள வரிகள் சொல்வது: வீரமும் அறிவும் உள்ளவர், அழகு ஆண்மைக்கு ஈடாக இருந்தது, “உங்களிடையே” கான்சலாக, சென்சாராக, ஈடிலாக (எல்லாமே ரோமின் உயர் அரசுப் பதவிகள்) இருந்தார், டௌராசியாவையும் சிசௌனாவையும் சாம்னியம் என்ற இத்தாலியப் பகுதியில் பிடித்தார், லுக்கானியா முழுவதையும் அடக்கிப் பிணைக்கைதிகளைக் கொண்டுவந்தார். அந்த “உங்களிடையே” என்ற சொல்லைக் கவனியுங்கள். மூடிய கல்லறைக்குள் இருக்கும் கல் யாரைப் பார்த்து உங்கள் என்கிறது? மேடையில் கூட்டத்தைப் பார்த்துப் பேசிய பேச்சு அப்படியே கல்லில் ஏறியிருக்கிறது என்பதுதான் என் வாசிப்பு.

இப்போது லிவியைத் திறந்தால், அதே ஆண்டில் பார்பாட்டஸ் போரிட்டது ரோமுக்கு வடக்கே எட்ரூரியாவில், வொலாட்டெர்ரே பக்கம். சாம்னியம் அவரோடு கான்சலாக இருந்த ஃபுல்வியஸுக்குப் போயிருக்கிறது. குடும்பம் கல்லில் ஒன்று சொல்கிறது, நூல் மரபு வேறொன்று சொல்கிறது. இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். குடும்பப் புகழுரைகளில் நடக்காத வெற்றி ஊர்வலங்கள், கூட்டிச் சொன்ன கான்சல் பதவிகள், பொய்யான வம்சாவளி எல்லாம் புகுந்து வரலாற்றையே கெடுத்துவிட்டன என்று சிசரோ புலம்புகிறார். லிவியும் அதே புலம்பல்தான்.

கிழக்குவாசல்:
அக்கா, இந்தக் கல்வெட்டுச் செய்தி எனக்குப் புதிது. நன்றி. முகமூடி ஊர்வலம் நினைவைக் காத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் நினைவு வேறு, வரலாற்று நூல் வேறு. தலைமுறை தலைமுறையாக முகமூடி மாட்டி நடந்தவர்கள் ஏன் ஹன்னிபால் காலத்தில் திடீரென்று எழுத உட்கார்ந்தார்கள்? என் மனம் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

கி.மு. 216. கன்னே போரில் ஹன்னிபாலிடம் ரோமப் படை அழிந்தது. செனட் ஒருவரைக் கிரேக்கத்தில் அப்பல்லோ தெய்வத்தின் அருள்வாக்குத் தலமான டெல்பிக்கு அனுப்புகிறது, எந்தத் தெய்வத்தை எப்படி வேண்டினால் இந்த அழிவு நிற்கும் என்று கேட்டு வர. போனவர் நம் ஃபேபியஸ் பிக்டர்தான். லிவி இந்தக் காட்சியை விடாமல் எழுதியிருக்கிறார். அவர் திரும்பி வந்து, கிரேக்கச் செய்யுளில் இருந்த அருள்வாக்கை மொழிபெயர்த்து, எழுதி வைத்திருந்த தாளிலிருந்து படித்துக் காட்டுகிறார். டெல்பியில் சூடிய லாரல் மாலையைக் கழற்றாமலே கப்பலேறி வர வேண்டும் என்று கோயில் பூசகர் சொல்லியிருந்தார். அப்படியே வந்து, ரோமில் அப்பல்லோவின் பலிபீடத்தில் அதை வைத்தேன் என்கிறார். ரோமின் முதல் வரலாற்றாசிரியரை நாம் பார்க்கக் கிடைக்கும் ஒரே தெளிவான காட்சி இது, அதிலும் அவர் ஒரு மொழிபெயர்ப்பாளராகத்தான் நிற்கிறார்.

அடுத்த ஆண்டே மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப் ஹன்னிபாலோடு உடன்படிக்கை செய்கிறார். ஹன்னிபால் கூடவே சைலீனஸ், சொசைலஸ் என்று இரண்டு கிரேக்க எழுத்தாளர்கள் இருந்தார்கள். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முந்தைய போரை, அதாவது முதல் பியூனிக் போரை, கார்த்தேஜ் பக்கம் நின்று எழுதிய பிலினஸும் கிரேக்கர். கிரேக்கம் படிக்கிற உலகம் முழுக்க எதிராளியின் கதை போய்க்கொண்டிருக்கிறது. ரோமின் தரப்பை அதே மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஃபேபியஸ் ஒருசார்பாக எழுதுகிறார் என்று பாலிபியஸ் குறை சொன்னது வேறு எதற்காக? அவர் செனட்டர் என்பதற்காக அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று வாசகரை எச்சரிக்கவே செய்கிறார்.

வெண்பலகை:
ஏன் கிரேக்கத்தில் எழுதினார் என்பதற்கு இது நல்ல விளக்கம். வரலாறு எழுதும் எண்ணமே கிரேக்கர் கொடுத்தது என்பதற்கு இது போதாது. அதே தலைமுறையில் நேவியஸ் இருக்கிறார். முதல் பியூனிக் போரில் படைவீரர். வயதான பிறகு அந்தப் போரை லத்தீனில், சாட்டர்னியம் என்ற பழைய லத்தீன் யாப்பில் பாடி வைத்தார். அவர் எந்த அயல்நாட்டாருக்கும் பதில் சொல்லவில்லை, தன் ஊராருக்குச் சொன்னார். ஊரில் ஏற்கெனவே கேட்கும் காது இருந்ததால்தானே பாடினார்?

பிறகு கேட்டோ. ஏழு நூல்கள், லத்தீன் உரைநடை. ரோமோடு நிற்காமல் இத்தாலிய ஊர்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேடினார். தளபதிகள் பெயரையே சொல்லாமல் போர்களை எழுதினார். ஆனால் கார்த்தேஜ் படையில் தீரமாகப் போரிட்ட, ஒரு தந்தம் சிதைந்த யானைக்குப் பெயர் சொன்னார், சூரஸ் என்று. கல்வெட்டுக்காரி அக்கா சொன்ன குடும்பப் பெருமைக்கு நேர் எதிரான வேலை இது. அவர் சண்டை போட்டது உள்ளூர் மரபோடு. மரபே இல்லாத இடத்தில் யாரோடு சண்டை?

கிழக்குவாசல்:
கேட்டோவை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் மிகவும் உருகி எழுதிய இடம் எது? சிசிலியில் 400 பேரோடு சாவை நோக்கிப் போய், படை முழுவதையும் காப்பாற்றிய ஒரு ட்ரிபியூன், அதாவது படை அதிகாரி. பிணங்களுக்கு நடுவே உடலெல்லாம் காயத்தோடு உயிரோடு கண்டெடுத்தார்கள், தலையில் மட்டும் காயமில்லை. இதைச் சொல்லிவிட்டு கேட்டோ ஆற்றாமல் எழுதுகிறார்: இதையேதான் பாரசீகரை எதிர்த்துத் தர்மோபைலேயில் ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸ் செய்தார், கிரேக்கம் முழுவதும் அவருக்குச் சிலையும் கல்வெட்டும் புகழ்ப்பாட்டும் எழுப்பியது, நம் ட்ரிபியூனுக்குச் செய்த செயலுக்கு ஏற்ற புகழ் கிடைக்கவில்லை. அந்த ஆதங்கம்தான் அவரை எழுத வைத்தது என்று நான் நினைக்கிறேன். கிரேக்கர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அந்த அளவுகோல் கிரேக்கர் கையில் இருந்து வந்தது.

கல்வெட்டுக்காரி:
தர்மோபைலே பேச்சு வந்ததால் ஒன்று. ஃபேபியஸ் குலத்தார் 306 பேர் கி.மு. 477இல் கிரெமெரா ஆற்றங்கரையில் ஒரே நாளில் மடிந்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் தலையாய கதை. தர்மோபைலே கி.மு. 480. அங்கே லியோனிடாஸோடு நின்ற ஸ்பார்ட்டர்கள் 300, இங்கே 306. சில எழுத்தாளர்கள் கிரெமெராவிலும் 300 என்றே எழுதினார்கள் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸின் குறிப்பு. கதையின் உயிர் அந்த வீட்டுக்குள் இருந்து வந்தது, வார்த்த அச்சு கிரேக்கத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம். முதல் வரலாற்றை எழுதியவரும் அதே ஃபேபியஸ் குலம்தான். இரண்டு பேரும் சொல்வது அந்த ஒரே ஆளுக்குள் இருக்கிறது.

கிழக்குவாசல்:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. முதல் பதிவில் நான் ஆதரித்த “சொல்லிக் கொடுத்தவர்கள்” என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஹன்னிபால் போர் இல்லாவிட்டால் ஃபேபியஸ் எழுதியிருக்க மாட்டார் என்பதில் மாற்றமில்லை.

வெண்பலகை:
அதில் நான் உங்களோடு இன்னும் ஒத்துப்போகவில்லை ஐயா. ரோம வரலாற்றாசிரியர் லிசினியஸ் மேசர் ரோமின் ஜூனோ மொனேட்டா கோயிலில் பார்த்ததாகச் சொல்லும் துணி ஏடுகளைப் பற்றி ஒரு திரி தொடங்குகிறேன். அங்கே வாருங்கள், அக்காவும் வர வேண்டும்.