எட்டு மாசமா, பதினோரு வருஷமா? கொழிஞ்சாம்பாறை அக்கா முழுநேரமா நாவல் எழுத வந்த கதை

சித்தூர்க்காரி:
நேத்து தென்னந்தோப்பு77 இங்க ஒரு பதிவு போட்டிருக்காரு. "நம்ம கொழிஞ்சாம்பாறை அக்கா ஸ்கூல் வேலைய விட்டாங்க, எட்டே மாசத்துல முழுநேரக் காதல் நாவலாசிரியர் ஆகிட்டாங்க, தைரியம் இருந்தா போதும், நீங்களும் வேலைய விடுங்க, எழுதுங்க"ன்னு. அதுக்கு கீழ வரிசையா கைதட்டல் வேற. படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. எட்டு மாசமாம்ங்க! 2011ல ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்துக்கிட்டே 200 பக்க லாங் சைஸ் நோட்டுல எழுத ஆரம்பிச்சாங்க, வேலைய விட்டது 2022 ஜூன்ல. நடுவுல 14 நாவல். அதுல ஒன்பது நாவல நான்தான் டைப் பண்ணிக் குடுத்தேன், என் ஜெராக்ஸ் கடையில உக்காந்து, கரண்ட் போனா மெழுகுவத்திய வச்சுக்கிட்டு கையெழுத்த கூட்டிக் கூட்டி வாசிச்சு. பையனுக்கு சோறு போட்டு தூங்க வச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல எழுதுவாங்க, காலைல வேலந்தாவளம் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப கண்ணு ரெண்டும் செவந்திருக்கும். எட்டு மாசம் இல்ல. பதினோரு வருஷம்.

தென்னந்தோப்பு77:
அக்கா கோவப்படாதீங்க, நான் கற்பனையா எதும் எழுதல. சித்தூர்ல போன மாசம் நடந்த வாசகர் கூட்டத்துல அவங்களே மைக்க புடிச்சு சொன்னாங்க, "வேலைய விட்டு எட்டு மாசத்துல ஸ்கூல் சம்பளத்த தாண்டிட்டேன்"னு. நான் ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்தேன். அவங்க வாயில வந்தத நீங்க எப்படி இல்லைன்னு சொல்லுவீங்க?

சித்தூர்க்காரி:
சம்பளத்த தாண்டுனது எட்டு மாசம். முழுநேர எழுத்தாளர் ஆனது பதினோரு வருஷம். தேங்கா வெட்டுன நாள மட்டும் எண்ணிட்டு கன்னு வச்ச வருஷத்த விட்டுட்டா எப்படிங்க, பேர்ல தென்னந்தோப்பு வச்சிருக்கீங்களே.

தென்னந்தோப்பு77:
முழுநேரம்னா வேலைய விட்ட பிறகு வர்றதுதானே? வேலைல இருக்கிறப்ப எழுதுனது எப்படி முழுநேரம் ஆகும்? நான் சொன்ன கணக்கு சரிதான். எட்டு மாசம்.

மழைத்துளி:
அக்கா அந்த டாக்டர் ஹீரோ கதைய மறுபடி சைட்ல எப்ப போடுவாங்க, ரீரன் எப்ப வரும்? நான் எட்டாவது யுடி (தினம் போடற அத்தியாயம்) வரைக்கும்தான் படிச்சேன், அப்புறம் லிங்க் எடுத்துட்டாங்க 😢 யார்கிட்டயாச்சும் பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்

சித்தூர்க்காரி:
மழைத்துளி, இத மட்டும் கேக்காதீங்கம்மா. அந்த நாவல் அமேசான் கிண்டில்ல ஈபுக்கா ஏறி மூணாவது நாளே எவனோ பிடிஎஃப் ஆக்கி டெலிகிராம் குரூப்புல போட்டுட்டான். அக்கா அந்த குரூப்புல போய் "தயவுசெஞ்சு எடுத்துடுங்க"ன்னு கேட்டதுக்கு, "உங்க கதைய நாலு பேரு படிக்கிறதே பெருசு, இதுல காசு வேறயா"ன்னு பதில் வந்துச்சு. அன்னிக்கு என் கடையில உக்காந்து அழுதாங்க. அதுக்கு முன்னாடி 2017ல ஒரு பதிப்பகம் அச்சுல போட்டாங்க, பேரு வேண்டாம், ஒரு நாவலுக்கு மொத்தமா ஒரு தொகை, அதோட சரி, மறுபதிப்பு வந்துச்சான்னு கேட்டா போனையே எடுக்க மாட்டாங்க. பொள்ளாச்சில ஒரு லென்டிங் லைப்ரரில அந்த புக்க அட்டை பிஞ்சு, பைண்ட் பண்ணி, மறுபடி பிஞ்ச நெலமைல நானே பாத்தேன். அத்தன கை மாறிருக்கு, அக்காவுக்கு அதுல அஞ்சு பைசா வரல. இதெல்லாம் அந்த பதினோரு வருஷத்துக்குள்ளதான் வருது. எட்டு மாசத்துல வராது.

மழைத்துளி:
சாரி அக்கா எனக்கு தெரியாது. ஆனா எல்லாராலயும் காசு குடுத்து படிக்க முடியாதுல்ல, நான் காலேஜ் படிக்கிறேன். ஆன்லைன்ல தினமும் யுடி போட்டப்ப ஃப்ரீயாத்தான படிச்சோம்? அப்ப நாங்க போட்ட கமெண்ட்டாலதான அவங்க பேரே வெளிய தெரிஞ்சுது.

கணக்குப்பிள்ளை:
இடைல வர்றதுக்கு மன்னிக்கணும். யாராச்சும் இந்த பதிவ நம்பி வேலைய விடுறதுக்கு முன்னாடி கணக்கு தெரிஞ்சுக்கோங்க. அமேசான் கிண்டில்ல தமிழ் புக்கு வந்ததே 2016 டிசம்பர்லதான். அதுல ராயல்டி 35 சதவீதம் இல்லன்னா 70 சதவீதம், இந்தியாவுல 70 வேணும்னா அவங்க செலக்ட் திட்டத்துல சேந்தாகணும், சேந்தா அந்த ஈபுக்க வேற எங்கயும் போடக்கூடாது, சொந்த சைட்ல கூட கூடாது. மழைத்துளி கேட்ட லிங்க் போனதுக்கு காரணம் இதுதான். கிண்டில் அன்லிமிட்டட்ல, அதாவது சந்தா கட்டி படிக்கிறவங்க எத்தன பக்கம் படிச்சாங்கன்னு பாத்துதான் காசு, அதும் ஒரு பக்கத்துக்கு பைசா கணக்கு. மாசம் முடிஞ்சு ஏறக்குறைய 60 நாள் கழிச்சுதான் பணம் பேங்குக்கு வரும். ஜூன்ல வேலைய விட்டு ஜூன்லயே புக்கு போட்டாலும் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் கை வெறும் கை. இன்னொண்ணு, எழுத்தாளர் ராயல்டிக்கு 1961 வருமான வரிச் சட்டத்துல 80க்யூக்யூபின்னு ஒரு பிரிவு, வருஷம் 3 லட்சம் வரைக்கும் கழிச்சுக்கலாம், ஆனா பழைய வரிமுறைல மட்டும், அதுலயும் பத்திரிகைல வந்த தொடருக்கு கிடையாது.

சித்தூர்க்காரி:
கணக்குப்பிள்ளை அண்ணா, இத அப்பவே யாராச்சும் அக்காவுக்கு சொல்லிருக்கலாம். முதல் வருஷம் வரி கட்டுனப்ப அந்த பிரிவே அவங்களுக்கு தெரியாது. ஆனா ஒண்ண கவனிங்க, அந்த பக்கக் கணக்கு ஒரே ஒரு புக்குக்கு வந்தா டீ செலவுக்குதான் ஆகும். அக்காவுக்கு ஸ்கூல் சம்பளம் 9,500. அத தாண்டுனது எப்படின்னா, 14 நாவலும் வரிசையா கிண்டில்ல ஏறி உக்காந்திருந்துச்சு, புதுசா ஒண்ணு படிச்சவ பழசெல்லாம் தேடிப் போய் படிச்சா. அந்த 14ம் பதினோரு வருஷத்துல வந்தது. 14 இல்லாம எட்டு மாசம் எங்க இருந்து வரும்? பதில் சொல்லுங்க தென்னந்தோப்பு.

தென்னந்தோப்பு77:
நீங்க சொல்றத பாத்தா யாருமே வேலைய விடக்கூடாது போல. அமெரிக்காவுல நோரா ராபர்ட்ஸ்னு ஒருத்தங்க, 1979 பிப்ரவரில பனிப்புயல், வெளிய போக முடியாம வீட்டுல அடைஞ்சு கிடந்தப்ப ஒரு நோட்ட எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க, 1981ல முதல் நாவல் வந்துடுச்சு, இன்னிக்கு 200 நாவலுக்கு மேல. ஒரு முடிவு எடுத்தாங்க, ஆயிட்டாங்க. நம்ம ஆளுங்கதான் எதுக்கெடுத்தாலும் வருஷம் எண்ணிக்கிட்டு இருப்போம்.

சித்தூர்க்காரி:
அவங்க கதைய முழுசா படிச்சிருந்தா இங்க இழுத்திருக்க மாட்டீங்க. அந்த பனிப்புயல் சமயத்துல அவங்க எந்த வேலையையும் விடல, ரெண்டு சின்னப் பசங்கள வச்சுக்கிட்டு வீட்டுலதான் இருந்தாங்க. கல்யாணமான புதுசுல வக்கீல் ஆபீஸ்ல செகரட்டரியா இருந்ததோட சரி. எழுதி அனுப்புனது ஒண்ணு ஒண்ணா திரும்பி வந்துச்சு. ஹார்லெக்வின் கம்பெனி, எங்ககிட்ட ஏற்கனவே ஒரு அமெரிக்க எழுத்தாளர் இருக்காங்கன்னு சொல்லி வேண்டாம்னுட்டாங்க. சிலுவெட்னு ஒரு புது கம்பெனி அமெரிக்க எழுத்தாளர்கள தேடி வந்ததாலதான் 1981. அங்கயும் பனி பெஞ்ச நாள மட்டும்தான் எல்லாரும் சொல்றீங்க, திரும்பி வந்த கையெழுத்துக் கட்ட யாரும் சொல்றதில்ல.

பாரதப்புழா:
பொதுவா ஒரு கேள்வி. காதல் நாவல் எழுதறதுக்கு இவ்வளவு வாதமா? எட்டு மாசமோ பதினோரு வருஷமோ, கடைசில மலையாளத்துல சொல்ற பைங்கிளி, மலிவுக் காதல் கதைதானே. ஹீரோ கோவக்காரன், ஹீரோயின் அனாதை, 40 யுடிக்கு அப்புறம் கல்யாணம். நான் சித்தூர் கவர்மென்ட் காலேஜ்ல தமிழ் எம்.ஏ. படிச்சவன், இதெல்லாம் இலக்கியத்துல சேத்தி இல்ல.

சித்தூர்க்காரி:
பைங்கிளின்னு கேவலமா சொல்றீங்களே, அந்த பேரு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? முட்டத்து வர்க்கி 1955ல எழுதுன பாடாத்த பைங்கிளி நாவல்ல இருந்து. கோட்டயத்து வாரிகைல (வாரப் பத்திரிகைல) வந்த தொடர்கதைய படிக்கணும்னே எங்க பாட்டி மலையாள எழுத்து கத்துக்கிட்டாங்க, ஸ்கூல் வாசப்படி மிதிக்காத தமிழச்சி. கள்ளு எறக்குற தோப்புல கூலி வேல பாத்துட்டு வந்து சிம்னி விளக்குல எழுத்துக்கூட்டி படிப்பாங்க. உங்க எம்.ஏ. இலக்கியம் எங்க பாட்டிக்கு ஒரு எழுத்து கத்துக் குடுத்துச்சா? அக்கா எழுதுற கதைல ஹீரோயின் கேரளா-தமிழ்நாடு எல்லைல கோவிந்தாபுரம் செக்போஸ்ட்ல நிப்பா, வீட்டுல தமிழும் ரேஷன் கடைல மலையாளமும் பேசுவா, அவ அம்மா "மோளே"ன்னும் கூப்புடுவா "கண்ணு"ன்னும் கூப்புடுவா. எங்கள மாதிரி பொண்ணுங்கள வேற யாரு எழுதுனா, சொல்லுங்க.

நகரிப்பையன்:
சித்தூர்க்காரி அக்கா நீங்க சித்தூரா? நாங்க நகரி. பக்கத்துலதான். ஆனா எங்க சித்தூர்ல ஏதுக்கா கோவிந்தாபுரம் செக்போஸ்ட், மலையாளம்?

சித்தூர்க்காரி:
தம்பி நான் பாலக்காட்டு சித்தூர்ப்பா. ஆந்திரா சித்தூர் இல்ல.

நகரிப்பையன்:
ஓ. ஆனா சித்தூர்னு சொன்னா எல்லாருக்கும் எங்க ஆந்திரா சித்தூர்தான் தெரியும், நீங்க பேர்ல பாலக்காடுன்னு சேத்துக்கிட்டா நல்லது. எங்க அக்காவும் எழுதறாங்க, வீட்டுல பவர்லூம் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து போன்லயே டைப் பண்ணுவாங்க, தமிழ்ல. பேச்சுல தெலுங்கு கலந்துடுதுன்னு வாசகர்கள் திட்டுறாங்க. அவங்களும் அஞ்சு வருஷமா எழுதறாங்க, இன்னும் ஒரு ரூபா பாக்கல.

பாரதப்புழா:
அதான் சொல்றேன், கலப்புத் தமிழ். மொழி கெட்டதே இந்த யுடி எழுத்தாலதான். சந்திப்பிழை இல்லாம ஒரு பக்கம் காட்டுங்க பாப்போம். அப்புறம் சித்தூர்க்காரி, நான் உங்க பாட்டிய ஒண்ணும் சொல்லல, எடுத்ததுக்கெல்லாம் பாட்டிய கொண்டு வராதீங்க. போன வருஷம் நான் மரபுக்கவிதை பத்தி எழுதுனப்பவும் இதே மாதிரி வந்து கலாட்டா பண்ணுனீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு.

சித்தூர்க்காரி:
எனக்கும்தான் ஞாபகம் இருக்கு, அந்த கவிதைய டைப் பண்ணுன காசு இன்னும் வரல.

பாரதப்புழா:
அத பொதுவுல பேசறது நாகரிகம் இல்ல. மூணு பக்கத்துக்கு நீங்க கேட்டது அநியாய ரேட்டு.

தென்னந்தோப்பு77:
எல்லாரும் வேற எங்கயோ போயிட்டீங்க. நான் சொன்னது நல்ல எண்ணத்துலதான். எங்க அண்ணி பொள்ளாச்சில ஒரு நகைக்கடைல பில்லிங்ல நிக்கிறாங்க, பத்து மணி நேரம், கால் வீங்கிப் போய் வருவாங்க, நல்லா எழுதவும் செய்வாங்க. அக்கா கதைய சொல்லி நான்தான் தைரியம் குடுத்தேன். அடுத்த மாசம் லெட்டர் குடுக்கப் போறாங்க. அதுக்காக எழுதுன பதிவுதான் அது. நீங்க வந்து பதினோரு வருஷம்னு சொல்லி மனச உடைக்கிறீங்க.

சித்தூர்க்காரி:
ஐயோ, லெட்டரா? இதத்தான் நான் பயந்தேன். தம்பி, அண்ணி எத்தன கதை முடிச்சிருக்காங்க? ஆரம்பிச்சது வேண்டாம், முடிச்சது. கைல எத்தன மாசச் செலவுக்கு காசு இருக்கு? அக்கா விடுறதுக்கு முன்னாடி ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவ தனியா சேத்து வச்சாங்க, பையன் ஃபீஸ கட்டி முடிச்சாங்க, அதுக்கு அப்புறம்தான் ராஜினாமா. எங்க சித்தி பொண்ணு இதே மாதிரி ஒரு பதிவ படிச்சிட்டு கோயம்புத்தூர்ல நல்ல வேலைய விட்டா, ரெண்டு நாவல் எழுதுனா, ரெண்டும் நல்லா இருந்துச்சு, ஆனா வாசகர் சேர்றதுக்குள்ள கைக்காசு தீந்துடுச்சு, வளையல அடகு வச்சு, மறுபடி பழைய சம்பளத்துல பாதிக்கு வேலைக்கு போறா. இப்ப எழுதறதே இல்ல, பேனாவ பாத்தாலே அழறா. அண்ணி எழுதட்டும், கட்டாயம் எழுதட்டும், நான் டைப் பண்ணித் தர்றேன், காசே வேண்டாம். வேலைல இருந்துக்கிட்டே எழுதட்டும்.

தென்னந்தோப்பு77:
பத்து மணி நேரம் நின்னுட்டு வந்து ராத்திரி எப்படி எழுதறது? உங்க அக்காவுக்கு ஆபீஸ்ல உக்கார நாற்காலி இருந்துச்சு. எங்க அண்ணிக்கு அதும் இல்ல. அத யோசிச்சீங்களா? உங்க சித்தி பொண்ணுக்கு ஆச்சுன்னா எல்லாருக்கும் ஆகணுமா? அக்கா சொன்னது எட்டு மாசம், நான் காதால கேட்டது.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் முதல்ல முழுநேரம்னா என்னன்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டு பேசுனா நல்லா இருக்கும். வருமானத்த வச்சா, நேரத்த வச்சா?

சித்தூர்க்காரி:
அண்ணா அதெல்லாம் அப்புறம். அவரு முதல்ல அந்த எட்டு மாசத்த பதிவுல இருந்து எடுக்கட்டும்.

தென்னந்தோப்பு77:
எடுக்க மாட்டேன். வேணும்னா கூட்டத்து வீடியோ கேட்டு வாங்கிப் போடறேன்.

சித்தூர்க்காரி:
போடுங்க, முழு வீடியோவா போடுங்க. எட்டு மாசம்னு சொல்றதுக்கு முன்னாடி என்ன சொன்னாங்கன்னும் கேப்போம். நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன், கடைசி வரிசைல, புக்கு டேபிள் பக்கத்துல.

மழைத்துளி:
அண்ணா உங்க அண்ணி கதை எந்த சைட்ல போடறாங்க? பேரு சொல்லுங்க, நான் தினமும் கமெண்ட் போடறேன் 💕

பாரதப்புழா:
மூணு பக்கத்துக்கு 150 ரூபா. எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க.

சித்தூர்க்காரி:
150 இல்ல, 90. பில்லு இருக்கு.