நான் எழுதிய எக்செல் ஷீட் யாருடையது? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் மெர்ச்சண்டைசராக (ஆர்டருக்குத் துணி, நூல் கணக்குப் போட்டு, சரக்கு போகும் வரை கவனிக்கும் வேலை) இருந்தேன். சேர்ந்த புதிதில் துணிக் கணக்கை எல்லாரும் கால்குலேட்டரில்தான் போடுவார்கள். உடம்பு நீளம் 72, கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 12. மொத்தம் 106 சென்டிமீட்டர். மார்பு அகலம் 52, அதோடு 4 கூட்டி இரண்டால் பெருக்கினால் 112. இரண்டையும் பெருக்கி, 160 ஜிஎஸ்எம்மாலும் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் ஒரு டி-ஷர்ட்டுக்குக் கிட்டத்தட்ட 190 கிராம் துணி. அதற்கு மேல் கட்டிங் வேஸ்ட், டையிங் லாஸ். ஐந்து சைஸ், எட்டு கலர் என்றால் அரை நாள் ஓடிவிடும்.

ராத்திரியில் வீட்டில், என் லேப்டாப்பில், இதற்கு எக்செலில் ஒரு மேக்ரோ (ஷீட்டுக்குள்ளேயே ஓடும் சின்ன புரோகிராம்) எழுதினேன். அளவைப் போட்டால் எத்தனை கிலோ துணி, எத்தனை கிலோ நூல் என்று வந்து விழும். யாரும் எழுதச் சொல்லவில்லை, ஒரு பைசா தரவும் இல்லை. பென் டிரைவில் கொண்டுபோய் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். இரண்டே மாதத்தில் பக்கத்து மேஜைகளுக்கும் பரவிவிட்டது.

வேலையை விடும்போதுதான் வந்தது வினை. மேனேஜர் கூப்பிட்டு, "அம்மிணி, அந்த ஷீட்டோட பாஸ்வேர்டக் குடுத்துருங்க. உங்க லேப்டாப்புல இருக்கறத அழிச்சிருங்க" என்றார்.

"ஏனுங்க சார், அது நான் வீட்டுல எழுதுனதுங்க."

"எழுதுனது வீட்டுலதானுங்க. ஓடுனது இங்கதானுங்களே?"

என் கடைசி மாதச் சம்பளம் அவர் கையில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வக்கீலாக இருக்கும் சித்தப்பா பையனிடம் கேட்டேன். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு. வேலையின் பாகமாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். கம்ப்யூட்டர் புரோகிராமும் அந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்புதானாம். (என் மேக்ரோவும் இலக்கியம்!) "வீட்டுல எழுதுனீங்கங்கறது மட்டும் பத்தாதுக்கா. அது உங்க வேலையில சேந்ததா இல்லையான்னுதான் கேப்பாங்க" என்றான். புரோகிராம் எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் துணிக் கணக்கு என் வேலைதானே. எனக்கு இடித்தது அங்கேதான்.

கடைசியில் பேசி முடித்தோம். சரக்கு வாங்கும் பையர்களின் பெயர், ரேட், பழைய ஸ்டைல் விவரம் எல்லாவற்றையும் என் பிரதியிலிருந்து அழித்தேன். அது அவர்களுடையது, அதில் எனக்குச் சண்டையே இல்லை. வெறும் ஃபார்முலா உள்ள ஷீட்டை இரண்டு பேருமே வைத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

சரவணம்பட்டியிலிருந்து ஒரு பதில்:
எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறுங்க. புரோகிராம் எழுத உதவும் ஜெட்பிரெயின்ஸ் எடிட்டரை என் காசில், தனிநபர் லைசென்ஸாக வாங்கி ஆபீஸ் வேலைக்கும் பயன்படுத்தினேன், அது அனுமதிக்கப்பட்டதுதான். எச்.ஆர். நல்ல மனசோடு "பில்லக் குடுங்க, காசு குடுத்தர்றோம்" என்றார்கள். விதிமுறையைப் படித்தால், கம்பெனி காசைத் திருப்பித் தரக் கூடாதாம். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பீளமேட்டிலிருந்து இன்னொரு பதில்:
அக்கா, நீங்கள் ஷீட்டைக் கேட்டு வாங்கினீர்கள். நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன். பம்ப் டிராயிங்குக்காக, ஆட்டோகேட் என்ற டிராயிங் சாஃப்ட்வேருக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் மொழியில் இருபது சின்னச் சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். விலகும்போது "எல்லாம் கம்பெனி சொத்து" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சரி என்று நானும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்து ஆட்டோகேடைப் புது வெர்ஷனுக்கு மாற்றியிருக்கிறார்கள். உடனே போன்: "தம்பி, உங்க புரோகிராம் ஓட மாட்டீங்குதுங்க."

உங்க புரோகிராம்!

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரிசெய்து கொடுத்தேன். காசு கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு காபியும் தேங்காய் பன்னும் கிடைத்தன.