பழனி பாதயாத்திரை: வேகமா நடக்கப் போய் நான் பட்ட பாடு, உங்க கதையும் போடுங்க

நடராஜா சர்வீஸ்:
தைப்பூசத்துக்கு காரைக்குடி பக்கம் இருந்து நடக்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா? போன தடவை குன்றக்குடில கும்பிட்டுட்டு கெளம்பினோம், சிங்கம்புணரி வரைக்கும் மச்சானும் நானும் ஒண்ணாத்தான் நடந்தோம், நத்தம் தாண்டுனதும் பயலக் காணோம். போன் போட்டா "திண்டுக்கல் வந்துட்டேன் மாப்ள, நீ எங்கடா"ங்குறான், நான் இன்னும் 15 கிலோமீட்டர் பின்னாடி. ரோஷம் வந்து எட்டி எட்டி கால வச்சு நடந்தேன் பாருங்க, ஒரு மணி நேரம் ஜோரா இருந்துச்சு, அப்புறம் முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு ஓரமா சுருக்கு சுருக்குன்னு குத்த ஆரம்பிச்சு கடைசி 5 கிலோமீட்டர் நொண்டிக்கிட்டேதான் போனேன்.

நைட்டு படுத்துக்கிட்டே போன்ல இருக்குற ஆப்ப பார்த்தேன். நடக்குற நேரம் மட்டும் எடுத்தா மணிக்கு 5 கிலோமீட்டர், நல்ல வேகம்தான். ஆனா விடியக்காலைல கெளம்பினதுல இருந்து மொத்தமா கணக்குப் போட்டா மணிக்கு 2.5 கூட வரல. பாதி நாள் எங்கடா போச்சுன்னு யோசிச்சா எல்லாம் அன்னதானப் பந்தல்ல போயிருக்கு! "சாமி வாங்க சாமி"ன்னு கையப் புடிச்சு இழுத்தா எப்படி போறது, பானகம், சுக்கு காபி, புளியோதரை, நடுவுல ஒருத்தர் சூடா பஜ்ஜி வேற. உக்காந்தா அரை மணி நேரம், எந்திரிச்சா கால் கட்டையாட்டம் புடிச்சுக்கும், அது இளகவே இன்னொரு 10 நிமிஷம்.

மறுநாள் ராத்திரி ஒன்றரைக்கே கெளம்பிட்டேன். எட்டு வைக்கிறது சின்னதா, ஆனா நிக்காம. குடுக்குறத நின்னுக்கிட்டே வாங்கிக்கிறது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் உக்கார்றது, அதுவும் கால தூக்கி சுவத்துல வச்சு 10 நிமிஷம். வலி போகல ஆனா கூடவும் இல்ல. வெயில் ஏறுறதுக்குள்ள ஒட்டன்சத்திரம். அங்க ஒரு மண்டபத்துல மச்சான் வெந்நீர்ல உப்பப் போட்டு கால ஊறவச்சு உக்காந்துருக்கான், பாதம் பூரா கொப்புளம்.

வெறுங்கால் பார்ட்டி:
உங்க மச்சான் புது செருப்புல வந்துருப்பாரு, கரெக்டா? 😄 நான் வெறுங்கால்தான், எனக்கு ஸ்பீடுன்னா தார் சூடாகுறதுக்கு முன்னாடி எவ்ளோ தூரம் ஓட்டுறோம்ங்குறதுதான். 10 மணிக்கு மேல ரோட்டோர வெள்ளைக்கோட்டு மேலயே நடந்து பாருங்க, கருப்புத் தார விட அதுல சூடு கம்மி, ஒரே கோட்டுல 20 பேரு எறும்பு மாதிரி போவோம். ஆனா ராத்திரி நடக்குறவங்க முதுகுல மின்னுற ஸ்டிக்கர் ஒட்டாம நடக்காதீங்கப்பா, லாரி வர்ற ரோடு.

சந்நிதியான்:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் செல்வச்சந்நிதி முருகன் கோயில்ல இருந்து தெற்கில இருக்கிற கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடக்கிறவை, ஒரு மாசத்துக்கு மேல எடுக்கும். நான் முழுக்க நடக்கேல்ல, வழியில கிழக்குக் கரையில இருக்கிற உகந்தை முருகன் கோயிலடியிலதான் சேர்ந்தனான். அங்கால குமண, யால காடு. நானும் இன்னொரு பொடியனும் கொஞ்சம் கெதியா நடந்து முன்னுக்குப் போவம் எண்டு வெளிக்கிட்டம், பின்னால வந்த அம்மா ஒராள் பேசின பேச்சு இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. யானை நிக்கிற காடு, தனியப் போகேலாது, ஆகலும் மெதுவா நடக்கிற ஆளின்ர வேகம்தான் எல்லாருக்கும். விடிய வெள்ளன வெளிக்கிட்டு வெயிலுக்கு முன்னம் தண்ணியடிக்குப் போய்ச் சேர்ந்தாச் சரி. கும்புக்கன் ஆத்தில இறங்கி நிண்டனான் பாருங்கோ, திரும்பி ஏற மனமே வரேல்ல.

நடராஜா சர்வீஸ்:
புது செருப்பேதான், எப்படிங்க கண்டுபுடிச்சீங்க 🙏 இந்த தை மாசம் மச்சான் பழச போட்டுட்டு வர்றானாம், ஆனா அந்த பஜ்ஜி பந்தல்ல மட்டும் கண்டிப்பா உக்காரணும்னு இப்பவே கண்டிஷன் போடுறான்.