ஒரே ஸ்ட்ராங்கில் வைத்துப் பார்த்தால் எந்த பர்பன் நிற்கும்?

செங்கழுகு:

நண்பர்களே, பர்பன் (மக்காச்சோளம் பிரதானமான அமெரிக்க விஸ்கி) ஒப்பீடு என்று எங்கே தேடினாலும் ஒரே பல்லவிதான். மேக்கர்ஸ் மார்க் இனிப்பு, பஃபலோ ட்ரேஸ் நடுவாந்தரம், வைல்ட் டர்க்கி 101 காரம். எனக்கு இதில் ஒரு சந்தேகம். முதல் இரண்டும் 45%, டர்க்கி 50.5%. அதில் ரை என்கிற தானியம் வெறும் 13%தான். அந்தக் காரம் ரையிலிருந்து வருகிறதா, கூடுதலாக இருக்கிற ஐந்தரை சதவீத ஆல்கஹாலிலிருந்து வருகிறதா?

கோதுமை பர்பன், ரை குறைந்த பர்பன், ரை தூக்கலான பர்பன் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நேர்மையாகப் பிரித்துப் பார்க்க எந்தெந்த பாட்டில்களை வரிசை கட்டலாம்? டென்னஸி விஸ்கியை அதே வரிசையில் வைப்பது நியாயமா? நாலைந்து பாட்டிலுக்குள் முடிய வேண்டும். எல்லாம் வழக்கமான சரக்காக இருக்கட்டும், பாப்பி வான் விங்கிள் மாதிரி கண்ணிலேயே படாதது வேண்டாம்.

கருக்கோக்:

சந்தேகம் சரியானது. முதலில் ஸ்ட்ராங்கைப் பூட்டுங்கள், பிறகுதான் தானியத்தைப் பற்றிப் பேச முடியும். அதற்கு வசதியான இடம் 50%. 1897-ஆம் ஆண்டின் பாட்டில்ட் இன் பாண்ட் (சுருக்கமாக பாண்டட்) சட்டப்படி, அந்தப் பெயர் போட்ட பாட்டிலில் இருப்பது ஒரே டிஸ்டிலரியில் ஒரே பருவத்தில் வடித்ததாக, அரசு மேற்பார்வைக் கிடங்கில் குறைந்தது 4 வருடம் இருந்ததாக, சரியாக 50%-இல் அடைத்ததாக இருக்க வேண்டும். பல விஷயங்களைச் சட்டமே நமக்காகப் பூட்டிக் கொடுத்துவிடுகிறது.

அந்த 50%-இல் ரை ஏறிக்கொண்டே போகிற மாதிரி ஒரு வரிசை அமைக்கலாம் (எண்கள் தானியச் சதவீதம்):

ஜாக் டேனியல்ஸ் பாண்டட் (டென்னஸி விஸ்கி): மக்காச்சோளம் 80, பார்லி மால்ட் 12, ரை 8.
எவன் வில்லியம்ஸ் பாட்டில்ட் இன் பாண்ட் (வெள்ளை லேபிள்): மக்காச்சோளம் 78, மால்ட் 12, ரை 10.
ஓல்ட் கிராண்ட் டாட் பாண்டட்: மக்காச்சோளம் 63, ரை 27, மால்ட் 10.
ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல்: மக்காச்சோளம் 60, ரை 35, மால்ட் 5. இது பாண்டட் இல்லை, ஆனால் 50%.
ரிட்டன்ஹவுஸ் ரை: ரை 51. இது பர்பனே அல்ல, ரை விஸ்கி.

எல்லாமே 50% என்பதால் தொண்டையில் இறங்கும் சூடு ஏறத்தாழ ஒரே அளவுதான். அதற்கு மேல் தெரிகிற வித்தியாசம் சரக்குடையது. எவன் வில்லியம்ஸிலிருந்து ஓல்ட் கிராண்ட் டாடுக்குத் தாவும்போதுதான் மாற்றம் பளிச்சென்று தெரியும். முன் நாக்கில் இருந்த கேரமல் சட்டென்று வற்றி, பக்கவாட்டில் மிளகும் லவங்கப்பட்டையும் ஏறும். 8-க்கும் 10-க்கும் நடுவே ரையால் மட்டும் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். ஜாக் டேனியல்ஸ் தனியாகத் தெரிவதற்குக் காரணம் வேறு.

கோதுமைக்கு இதைவிட நல்ல ஜோடி ஒன்று இருக்கிறது. மேக்கர்ஸ் மார்க் 101-ம் வைல்ட் டர்க்கி 101-ம் இரண்டுமே 50.5%. மேக்கர்ஸில் மக்காச்சோளம் 70, கோதுமை 16, மால்ட் 14. டர்க்கியில் 75, ரை 13, மால்ட் 12. மேக்கர்ஸ் பீப்பாய்க்குள் போகும்போது 55%, டர்க்கி 57.5%. சட்டம் 62.5% வரை விடுகிறது, இரண்டு பேருமே அதற்குக் கீழே நிற்கிறார்கள். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது தண்ணீர் குறைவாகச் சேர்த்தால் போதும், பீப்பாயில் ஊறியது அதிகம் நீர்த்துப்போகாமல் வரும்.

மேக்கர்ஸ் 101 இல்லையென்றால் சாதாரண மேக்கர்ஸை எடுத்துக்கொண்டு டர்க்கியை 45%-க்கு இறக்குங்கள். 20 மி.லி. டர்க்கியில் 2.4 மி.லி. தண்ணீர். கணக்கு எளிது: இருக்கிற சதவீதத்திலிருந்து வேண்டிய சதவீதத்தைக் கழித்து, வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஊற்றிய அளவால் பெருக்குங்கள். டர்க்கியின் 58.4% ரேர் பிரீட் 20 மி.லி.யை 50%-க்குக் கொண்டுவர 3.4 மி.லி. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்று போதும். தண்ணீர் விட்டதும் குடிக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். கலந்த கையோடு முகர்ந்தால் ஆல்கஹால் வாடைதான் முந்தி வரும்.

இப்படி இறக்கிப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். டர்க்கியின் காரத்தில் பாதிக்கு மேல் ஆல்கஹால்தான் என்பது என் கருத்து. மிச்சம் நிற்பது ரை மட்டுமல்ல, நன்றாகக் கருக்கிய ஓக் பீப்பாயும்.

நாலாம்நம்பர்:

அண்ணே, கணக்கு எல்லாம் சரி. ஆனா உங்க வரிசையில ரை மட்டும் மாறல. ஈஸ்ட் மாறுது, கிடங்கு மாறுது, வயசு மாறுது, டிஸ்டிலரியே மாறுது. எவன் வில்லியம்ஸ் ஹெவன் ஹில் சரக்கு, ஓல்ட் கிராண்ட் டாட் ஜிம் பீம் சரக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டு "இதுதான் ரையோட ருசி"ன்னு எப்படிச் சொல்றது?

இன்னொண்ணு. ரை காரம்னு நம்ம சொல்றதுல பாதி ஓக் மரத்தோடது. கிராம்பு வாசனையைத் தர்ற யூஜினால் ஓக்கிலயே இருக்கு. வனிலா, மரத்துல இருக்குற லிக்னின் சூட்டுல உடைஞ்சு வர்றது. தேங்காய் மாதிரி வர்றது ஓக் லாக்டோன். டர்க்கி பீப்பாயை நாலாம் நம்பர் வரைக்கும் கருக்குறாங்க, மேக்கர்ஸ் மூணாம் நம்பரோட நிறுத்திடுறாங்க. அதனால டர்க்கியில கிராம்பு தூக்கலா இருந்தா அதை ரை கணக்குல எழுதாதீங்க.

தானியத்தை நிஜமாவே தனியாப் பிரிக்கணும்னா வழி ஃபோர் ரோசஸ்தான். அங்க ரெண்டு மாஷ் பில் (தானியக் கலவை), அஞ்சு ஈஸ்ட், மொத்தம் பத்து ரெசிபி. ஈ மாஷ் பில்லுல ரை 20, பி-ல 35. ரெசிபிக்கு நாலு எழுத்துல குறியீடு. ஓபிஎஸ்வி (OBSV)-ன்னா ரெண்டாம் எழுத்து மாஷ் பில், நாலாம் எழுத்து ஈஸ்ட். வி மென்மையான பழம், கே லேசான மசாலா, ஓ அடர்த்தியான பழம், க்யூ பூ, எஃப் மூலிகை. கடைக்காரங்க தனியாத் தேர்ந்தெடுக்குற பேரல் ஸ்ட்ரெங்த் (தண்ணி சேர்க்காம பீப்பாயில இருந்தபடியே அடைச்ச) பாட்டில்ல இந்தக் குறியீடு இருக்கும். ஓஈஎஸ்கே, ஓபிஎஸ்கே ரெண்டையும் 50%-க்கு இறக்கிப் பக்கத்துல வச்சா ரை மட்டும்தான் மாறுது. ஓபிஎஸ்கே, ஓபிஎஸ்க்யூ ரெண்டையும் வச்சா ஈஸ்ட் மட்டும். வயசு மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கான்னு லேபிளைப் பாருங்க.

கிடங்கு விஷயத்துலயும் இவங்க தனி. ஃபோர் ரோசஸ் கிடங்கு ஒரே தளம்தான். டர்க்கி கிடங்கு ஏழு அடுக்கு. மேல் அடுக்குல சூடு அதிகம், ஓக் சீக்கிரம் ஏறும். கீழ மெதுவா ஊறும். அதனாலதான் பெரிய அடுக்குக் கிடங்குக்காரங்களோட சிங்கிள் பேரல் (ஒரே பீப்பாய்ச் சரக்கு) ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு மாறுது. ஒரு பாட்டில் பிடிச்சதேன்னு அதே பேருல இன்னொண்ணு வாங்கினா, அது வேற ஆளா இருக்கும்.

செங்கழுகு:

அருமை. அப்படியென்றால் வயதை மட்டும் மாற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு ஜோடி உண்டா? பேரல் ஸ்ட்ரெங்த் பாட்டில் சிக்காவிட்டால் ரைக்கு என்ன செய்வது?

கருக்கோக்:

வயதுக்கு எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிளும் எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச்சும். இரண்டும் ஹெவன் ஹில், ஒரே மாஷ் பில். எலைஜா கிரெய்க்கில் போவது 8 முதல் 12 வருடப் பீப்பாய்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அது 47%. எனவே எவன் வில்லியம்ஸ் 30 மி.லி.க்கு 1.9 மி.லி. தண்ணீர் விட்டுச் சமன்படுத்துங்கள். எலைஜா கிரெய்க்கில் ஓக்கின் துவர்ப்பும் லேசான புகையும் பின்னால் தங்கும். எவன் வில்லியம்ஸ் சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் தானியத்தின் இனிப்பு அதில்தான் தெளிவாகத் தெரியும்.

ரைக்கு: எவன் வில்லியம்ஸும் ரிட்டன்ஹவுஸும். இரண்டும் 50%, இரண்டும் பாண்டட், இரண்டும் ஹெவன் ஹில். பாண்டட் லேபிளில் டிஸ்டிலரியின் எண் இருக்க வேண்டும், டிஎஸ்பி-கேஒய்-1 என்று இருந்தால் லூயிவில்லில் இருக்கும் அவர்களுடைய பெர்ன்ஹைம் டிஸ்டிலரி. நாலாம்நம்பர் சொன்ன மறுப்பு நியாயமானது. அதற்கு மிகப் பக்கத்தில் வருகிற சாதாரண பாட்டில் ஜோடி இதுதான்.

ரை விஸ்கி வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். இண்டியானாவில் லாரன்ஸ்பர்கில் வடிக்கிற ரை விஸ்கியில் ரை 95, மால்ட் 5. புல்லெட் ரை அந்த வகை. புதினா, சோயிக்கீரை வாசனை தூக்கும். ரிட்டன்ஹவுஸ் அப்படி இல்லை, கொக்கோவும் ஆரஞ்சுத் தோலும் வரும். இரண்டுமே ரை என்று ஒரே தட்டில் வைத்தால் முடிவு குழம்பும். கென்டக்கியிலும் ஒரு லாரன்ஸ்பர்க் இருக்கிறது, டர்க்கியும் ஃபோர் ரோசஸும் அங்கேதான். எனவே ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் மாநிலத்தையும் பாருங்கள்.

துளிநீர்:

எந்த பாட்டில் என்பதைவிட எப்படிக் குடிக்கிறீர்கள் என்பதில்தான் ஒப்பீடு கெடுகிறது. முதலில் வாய்க்குள் போகிற விஸ்கி எதுவானாலும் காரமாகத்தான் இருக்கும். அதனால் வரிசையில் இல்லாத ஏதாவது ஒன்றில் ஒரு வாய் குடித்து நாக்கைப் பழக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு அமர்வில் நான்கு கண்ணாடிக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் 10 மி.லி. போதும். கிளென்கெய்ர்ன் மாதிரி வாய் குறுகிய ஒரே வகைக் கண்ணாடி. முகரும்போது வாயைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஆல்கஹால் மூக்கைச் சுடாது. ஐஸ் போடாதீர்கள்.

லேபிள் தெரிந்தால் நாக்கு லேபிளைத்தான் சுவைக்கும். கண்ணாடியின் அடியில் எண் ஒட்டி, வேறு ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு சரக்குக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க மூன்று கண்ணாடி: இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. வேறாக இருப்பது எது? குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும். ஐந்து சுற்றில் நான்கு சரியாக வந்தால் நம்பலாம், அது தற்செயலாக அமைய 5%-க்கும் குறைவான வாய்ப்பே. ஒரு கண்ணாடிக்கு 5 மி.லி., ஒரு நாளில் இரண்டு சுற்று, மிச்சம் மறுநாள். துப்பிவிடுவதும் நல்ல பழக்கம்தான்.

பாட்டில் திறந்து எவ்வளவு நாள் என்பதும் முக்கியம். கால் பாட்டில் மிச்சத்தில் மாதக்கணக்கில் கிடந்த சரக்கில் மேல்வாசனை போயிருக்கும், நேற்றுத் திறந்ததோடு அதை மோதவிடக்கூடாது. மிச்சத்தைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி வெயில் படாமல் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

மேப்பிள்கரி:

டென்னஸி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சேர்க்கலாம், தாராளமாக. குறைந்தது 51% மக்காச்சோளம், கருக்கிய புது ஓக் பீப்பாய், வடிப்பில் 80%-ஐத் தாண்டாமை என்று பர்பனுக்கு உள்ள விதிகள் இதற்கும் பொருந்தும். கூடுதலாக, பீப்பாய்க்குப் போவதற்கு முன் மேப்பிள் மரக் கரி வழியாக இறக்க வேண்டும். 2013-இல் டென்னஸி மாநிலம் அதைச் சட்டமாக்கியது. ஜாக் டேனியல்ஸில் கரி ஏறக்குறைய 3 மீட்டர் ஆழம், சொட்டுச் சொட்டாக இறங்கும். எண்ணெய்ப் பிசுக்கான சில பொருள்கள் கரியிலேயே தங்கிவிடும். சரக்கு இளசாக இருக்கும்போதே முனை மழுங்கியிருப்பது அதனால்தான்.

ஜாக் டேனியல்ஸின் அந்த வாழைப்பழ வாசனையைக் கரி தருவதாகப் பலர் எழுதுகிறார்கள். தவறு. அது ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது உண்டாகும் ஐசோஅமைல் அசிடேட். கரி எடுக்குமே தவிர, பழம் சேர்க்காது. ஜார்ஜ் டிக்கலும் கரியில் இறக்குகிறார்கள், வடித்ததைக் குளிரவைத்த பிறகு. அங்கே இந்த வாழைப்பழம் இல்லை.

ஜாக் டேனியல்ஸின் சாதாரண 40% ஓல்ட் நம்பர் 7-ஐ 50% பர்பனோடு வைத்துத் தோற்கடிப்பதில் அர்த்தமே இல்லை. பாண்டட்தான் சரியான ஆள். அமெரிக்கன் சிங்கிள் மால்ட்டை மட்டும் இந்த வரிசைக்குக் கொண்டுவராதீர்கள். 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த விதிப்படி அது முழுக்க பார்லி மால்ட், பழைய பீப்பாயும் ஆகும். அது வேறு ஆட்டம்.

நாலாம்நம்பர்:

அப்போ அஞ்சு பாட்டில்: மேக்கர்ஸ் 101, டர்க்கி 101, எவன் வில்லியம்ஸ் வெள்ளை, ரிட்டன்ஹவுஸ், ஜாக் பாண்டட். முதல் ரெண்டுல 20 மி.லி.க்கு 0.2 மி.லி. விட்டா அதுவும் 50 ஆயிடும். கோதுமை, ரை, டென்னஸி ஜோடி மூணும் இதுக்குள்ளயே வந்துடுது.

கண்ணைக் கட்டிட்டு ராவா குடிக்கிறதுக்கு என் ஓட்டு டர்க்கிக்குத்தான். இனிப்பும் ஓக்கும் ஒண்ணை ஒண்ணு அமுக்காம நிக்கிறது இந்த அஞ்சுல அதுலதான். ஓல்ட் ஃபேஷண்ட் காக்டெயில் கலக்க எவன் வில்லியம்ஸ், ஐஸ் கரைஞ்சும் 50% தாங்கும். மன்ஹாட்டனுக்கு ரிட்டன்ஹவுஸ், அதுல சேர்ற வெர்மூத் ஒயினோட இனிப்பை ரை வெட்டிடும். மேக்கர்ஸைக் கலக்காதீங்க. அந்தக் கோதுமை மென்மை ஐஸ்லயும் சர்க்கரையிலயும் காணாமப் போயிடும், சும்மா ரெண்டு சொட்டுத் தண்ணி போதும் அதுக்கு.