புதுப்பிப்பு: பள்ளியில் பேசாத அக்கா மகன்

ஒன்றாம் ஆண்டில் சேர்ந்ததிலிருந்து பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாத அக்கா மகனைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். வீட்டில் அவன் வாய் ஓயாது. ‘காத்து கருப்பு’ என்று அம்மா கயிறு மந்திரித்துக் கட்டியதையும் சொல்லி, மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்டிருந்தேன்.

காட்டிவிட்டோம், பெரிய சண்டைக்கு அப்புறம். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மனநல மருத்துவர் என்றாலே ‘தஞ்சோங் ரம்புத்தானா?’ என்பார்கள். 1911இல் அந்த ஊரில் திறந்த மனநல மருத்துவமனை எங்கள் பக்கம் வசவாகவே ஆகிவிட்டது.

ஈப்போவில் பார்த்த மருத்துவர் ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்றார்; சில இடங்களில் மட்டும் பேச்சே வராமல் போவது. பிடிவாதமில்லை, பதற்றம். ‘பேசுடா, மிட்டாய் தரேன்’ என்று கெஞ்சுவதை முதலில் நிறுத்தச் சொன்னார். (முதல் குற்றவாளி நான்தான்.)

அப்புறம் மணல் நிரப்பிய ஒரு தட்டையும் பொம்மைகளையும் கொடுத்தார்; மனதில் இருப்பதைக் குழந்தை பேசாமலே அதில் அமைத்துக் காட்டலாம். லண்டனில் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1920களின் இறுதியில் தொடங்கிய முறை. அலமாரியில் கோட்டை, டைனோசர் எல்லாம் இருந்தன. இவனோ குச்சிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பாட்டில் மூடியை வைத்தான். பால்மரமும் (ரப்பர் மரம்) பால் பிடிக்கும் மங்கும்! தாத்தாவோடு விடியலில் பார்த்தது. மருத்துவருக்குப் புரியவில்லை. அக்கா சொல்ல வாயெடுத்தாள்; கையமர்த்திவிட்டுக் காத்திருந்தார். மூன்றாம் முறை போனபோது அவனே அக்கா காதில் கிசுகிசுத்தான், அவருக்கும் கேட்கும்படி.

கயிற்றைக் கழற்றணுமா என்றோம். ‘இருக்கட்டும்’ என்றார். அன்றிலிருந்து அம்மாதான் முதலில் காரில் ஏறுகிறார்.

பள்ளியில் இன்னும் பேச்சில்லை. நேற்று டீச்சர் பெயர் கூப்பிட்டபோது கை தூக்கினானாம்.